சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வுகளைத் தேடிப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழித்துணை

பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொன்னால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "அங்கே எத்தனை பேர் நோபல் வாங்கியிருக்கிறார்கள்?" என்பதைத்தான். சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு அந்த எண்ணிக்கை தொண்ணூறைத் தாண்டும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்த மாணவர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். பெயர் நினைவிருக்கிறது, ஆண்டு நினைவிருக்கிறது. அந்த மனிதர் அங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மேற்படிப்புக்கு அமெரிக்கா போக நினைப்பவர்கள் எல்லோருக்கும் பயன்படும்படி, நான் பல வருடங்களாகப் படித்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். வேறு பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும். எனக்கு நன்கு பழக்கமானது சிக்காகோ என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. பல்கலைக்கழகம் 1890-இல் நிறுவப்பட்டது. பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எண்ணெய் வணிகர் ஜான் டி. ராக்பெல்லர். முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். 1892 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. இளங்கலைக் கல்லூரியோடு ஆய்வையும் தொடக்கத்திலேயே சேர்த்து நடத்தினார்கள். இவ்வளவு போதும். மீதியை ஆட்களின் வழியாகப் பார்ப்போம்.

முதல் படி: ஒரு தாளில் இரண்டு பத்தி

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம், வேலை எங்கே எப்போது நடந்தது. வலது பக்கம், பரிசு வந்தபோது அவர் எங்கே இருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் இந்த இரண்டையும் தேடி எழுதுங்கள்.

ஆல்பர்ட் மைக்கல்சனை எடுத்துக்கொள்வோம். 1892 முதல் சிக்காகோவின் இயற்பியல் துறைத் தலைவர். 1907-இல் நோபல் பெற்றார். அறிவியலில் நோபல் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் மைக்கல்சன்-மார்லி பரிசோதனை 1887-இல் கிளீவ்லாந்தில் நடந்தது. அப்போது சிக்காகோ பல்கலைக்கழகம் பிறக்கவே இல்லை. என்ரிகோ ஃபெர்மிக்கு நோபல் 1938-இல், ரோமில் செய்த வேலைக்காக. சிக்காகோவில் அவர் செய்த மாபெரும் வேலைக்கு (அது ஏழாம் படியில் வரும்) நோபல் கிடையாது. வில்லர்ட் லிப்பி கதை தலைகீழ். கார்பன்-14 காலக்கணிப்பு முறையை 1940-களின் பிற்பகுதியில் அவர் சிக்காகோவில் உருவாக்கினார். 1960-இல் பரிசு வந்தபோது அவர் லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். கீழடியில் கிடைத்த கரித்துண்டின் வயதைச் சொல்கிறோமே, அந்தக் கணக்கின் வேர் லிப்பியின் அந்தச் சிக்காகோ ஆய்வகத்தில் இருக்கிறது.

பத்துப் பெயருக்கு இப்படி எழுதிவிட்டால் ஒன்று தெரியவரும். ஒரே மனிதரை இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. படித்த இடம், வேலை செய்த இடம், ஓய்வு பெற்ற இடம் எல்லாமே உரிமை கொண்டாடும். அதில் தவறு ஒன்றுமில்லை. படிக்கிற நமக்குத்தான் எது எங்கே நடந்தது என்ற தெளிவு வேண்டும்.

இரண்டாம் படி: இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் பயந்து நின்றுவிடுகிறார்கள். மூல ஆய்வுக் கட்டுரை என்றால் நமக்குப் புரியாது என்ற எண்ணம். அந்தப் பயம் போக நான் எப்போதும் கொடுப்பது சுப்பிரமணியன் சந்திரசேகரின் 1931-ஆம் ஆண்டுக் கட்டுரை. இரண்டே பக்கம்.

சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இந்தக் கணக்கில் இறங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகிறது. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து வெள்ளைக் குள்ளன் என்றும் சொல்வார்கள். அது எவ்வளவு எடை வரை தாங்கும்? அதற்கு மேல் தாங்காது என்ற எல்லை உண்டு என்பது அவர் கண்டது. இன்று அதன் பெயர் சந்திரசேகர் எல்லை. சூரியனின் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு.

வானியல் கட்டுரைகளுக்கு ஏடிஎஸ் என்ற இலவச இணையத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் ஆசிரியர் பெயரும் 1931 என்ற ஆண்டும் கொடுத்தால் பழைய அச்சுப் பக்கத்தின் படமே திறக்கும். அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல், 74-ஆம் தொகுதி, 81-ஆம் பக்கம்.

படித்துக்கொண்டே போனால் எல்லையின் மதிப்பு வரும் இடத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. அங்கே 1.4 இல்லை. 0.91 என்று இருக்கிறது. முதல்முறை பார்த்தபோது அச்சுப்பிழையாக இருக்குமோ என்று நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழை இல்லை. விண்மீனுக்குள் ஓர் எலெக்ட்ரானுக்குப் பங்காக எவ்வளவு பொருளின் எடை வருகிறது என்பதைக் குறிக்கும் எண்ணை அவர் அப்போது 2.5 என்று எடுத்துக்கொண்டார். வெண்குறுமீனின் உள்ளே ஹீலியமும் அதைவிடக் கனமான தனிமங்களும்தான் இருக்கும் என்று பிறகு தெளிவானபோது அந்த எண் 2 ஆனது. எல்லையோ அந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். கைபேசியை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 2.5-இன் வர்க்கம் 6.25. 2-இன் வர்க்கம் 4. 0.91-ஐ 6.25-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 1.42 வரும்.

இந்த ஒரு கணக்கைப் போட்டு முடித்த மாணவரின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண் ஒன்று, அன்றைக்கு இருந்த அறிவோடு சேர்ந்து மாறியிருக்கிறது என்பது கையாலேயே தெரிந்துவிடுகிறது. அதே கட்டுரையில் லீட்ஸைச் சேர்ந்த எட்மண்ட் ஸ்டோனரின் பெயரும் வரும். அவர் இதே கேள்வியை வேறு எளிமையான வழியில் அணுகியவர். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் வருவதில்லை. மூலத்தைப் படித்தால்தான் வரும்.

இப்போது நம் இரண்டு பத்தித் தாளுக்கு வருவோம். இந்தக் கட்டுரை கேம்பிரிட்ஜில் எழுதப்பட்டது. சந்திரசேகர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1937-இல். ஆக, அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம் சிக்காகோவில் நடந்ததே அல்ல. அப்படியானால் சிக்காகோவில் அவர் என்ன செய்தார்? அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் அவருடைய முடிவை எல்லோர் முன்னாலும் மறுத்துப் பேசினார். சந்திரசேகர் அந்தத் தலைப்பை ஒரு புத்தகமாக எழுதி 1939-இல் வெளியிட்டுவிட்டு நகர்ந்தார். அதன் பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு துறை: விண்மீன் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சு கடந்து செல்லும் விதம், பாய்மங்களின் நிலைத்தன்மை, கடைசியில் கருந்துளைகளின் கணிதம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தடித்த நூல். 1952 முதல் 1971 வரை அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியரும் அவரே. இளைஞனாக இரண்டு பக்கம் எழுதிய அதே இதழ்.

விஸ்கான்சினில் தான் வேலை பார்த்த யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து சிக்காகோவுக்குச் சுமார் 130 கிலோமீட்டர் காரோட்டி வந்து அவர் நடத்திய வகுப்பொன்றில் இரண்டே பேர் பதிவு செய்திருந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. சுங் தாவ் லீ, சென் நிங் யாங். இருவரும் 1957-இல் நோபல் பெற்றார்கள். ஆசிரியருக்கு 1983-இல்தான் வந்தது.

இவரைத் தொடர விரும்புவோர் அடுத்துப் படிக்க வேண்டியது அமெரிக்க இயற்பியல் நிறுவனம் 1977-இல் அவரிடம் எடுத்த நீண்ட நேர்காணல். எழுத்து வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னைக் காலம், கேம்பிரிட்ஜின் தனிமை, எடிங்டனுடனான உறவு எல்லாம் அவர் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

மூன்றாம் படி: பெயர் வரிசையையும் நன்றி வரியையும் விடாதீர்கள்

கட்டுரையைத் திறந்ததும் தலைப்புக்குக் கீழே யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். சிக்காகோவில் இதற்கு எதிரெதிரான இரண்டு உதாரணங்கள் உண்டு.

ராபர்ட் மில்லிகனின் எண்ணெய்த்துளிப் பரிசோதனை பன்னிரண்டாம் வகுப்பிலேயே வருகிறது. துளியின் மேல் உள்ள மின்னூட்டத்தை அளந்து எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கண்டது. அந்தக் கருவியை அமைப்பதில் கூடவே இருந்தவர் ஹார்வி ஃப்ளெட்சர் என்ற ஆய்வு மாணவர். 1910-இல் வந்த முக்கியக் கட்டுரையில் மில்லிகன் பெயர் மட்டும் இருக்கிறது. ஃப்ளெட்சரின் முனைவர் பட்டத்துக்கு அவர் பெயர் மட்டும் உள்ள வேறொரு கட்டுரை போகட்டும், இது என் பெயரில் வரட்டும் என்று மில்லிகன் சொன்னதாக ஃப்ளெட்சர் எழுதிவைத்தார். தான் இறந்த பிறகே அதை வெளியிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். 1982-இல் அது அச்சானது.

இன்னொரு பக்கம் ஹெரால்ட் யூரி. அவருடைய மாணவர் ஸ்டான்லி மில்லர் கண்ணாடிக் குடுவைக்குள் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் வைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாளில் அமினோ அமிலங்கள் உருவாகின. உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வையே திசை மாற்றிய வேலை. 1953 மே மாதம் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையில் மில்லரின் பெயர் மட்டும்தான். தன் பெயர் சேர்ந்தால் பேர் முழுவதும் தனக்கே வந்துவிடும் என்று யூரி விலகிக்கொண்டார். அவர் 1934-இலேயே நோபல் பெற்றவர். ஓர் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் காட்டுவது இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை.

கட்டுரையின் கடைசியில் வரும் நன்றி வரியும் அவ்வளவு முக்கியம். மரியா கெப்பர்ட் மேயர் அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்காக (ஷெல்) அமைந்திருப்பதைப் பற்றி 1949-இல் எழுதிய சிறு கட்டுரையின் முடிவில், இந்தக் கட்டுரை பிறந்ததே ஃபெர்மி கேட்ட ஒரு கேள்வியால்தான் என்று நன்றி சொல்கிறார். அணுக்கருத் துகளின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதைக்கும் தொடர்பு இருப்பதாக ஏதாவது அறிகுறி உண்டா என்பதே கேள்வி. அந்த ஒரு கேள்வியில் அவருக்கு எல்லாம் பொருந்திவிட்டது. 1963-இல் நோபல் வந்தது.

அந்தக் கட்டுரையை எழுதியபோது சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவியின் பெயர் தன்னார்வப் பேராசிரியர். சம்பளம் இல்லை. கணவர் அங்கே பேராசிரியராக இருந்ததால் மனைவிக்குச் சம்பளம் தரமுடியாத விதிகள் இருந்த காலம். பக்கத்து ஆர்கான் ஆய்வகத்தில் பாதிநேர வேலைக்குத்தான் ஊதியம். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் வேலை 1960-இல் சான் டியாகோவில் கிடைத்தது. நோபல் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: பரிசு இல்லாதவர்களைத் தேடுங்கள்

நோபல் பட்டியலை மட்டும் நம்பினால் ஜேனட் ரவுலியைத் தவறவிட்டுவிடுவீர்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பல்கலைக்கழகத்தின் மிகப் பெரிய ஆய்வாளர்களில் ஒருவர் அவர்.

நான்கு பிள்ளைகளின் தாய். பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே வேலை பார்த்தவர். 1970-களின் தொடக்கத்தில் குரோமோசோம்களில் வரிவரியாக நிறம் ஏற்றிப் பார்க்கும் புதிய முறை வந்திருந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை அந்த முறையில் படமெடுத்து, படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டி, சாப்பாட்டு மேசையில் ஜோடி ஜோடியாக அடுக்கினார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் சிரித்தார்களாம்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருப்பது 1960-இலிருந்தே தெரியும். அந்தத் துண்டு தொலைந்துபோய்விட்டது என்றே நினைத்தார்கள். ரவுலி மேசையில் அடுக்கிய படங்களில் 9-ஆம் குரோமோசோம் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஒரு நோயாளியில் அல்ல, அடுத்தடுத்த நோயாளிகளிலும். 22-இல் காணாமற்போன துண்டு 9-இல் ஒட்டிக்கொண்டிருந்தது. தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. 1973-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். அந்த இடமாற்றத்தால் உருவாகும் தவறான புரதத்தைப் பிறகு வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மருந்தையோ கருவியையோ எடுத்துக்கொண்டு, இது எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போங்கள்.

ஐந்தாம் படி: ஒரே கட்டடத்துக்குள் நடக்கும் சண்டையைப் படியுங்கள்

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இது. அங்கே வளர்ந்த பொருளாதாரச் சிந்தனை மரபை "சிக்காகோ பள்ளி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள், எல்லோரும் தடையற்ற சந்தையை வலியுறுத்திய மில்டன் ஃப்ரீட்மனைப் போலவே பேசுவார்கள் என்பதுபோல. யூஜின் ஃபாமா 2013-இல் நோபல் பெற்றவர். சந்தை விலையில் கிடைக்கக்கூடிய தகவல் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது என்பது அவர் வாதம். ரிச்சர்ட் தேலர் 2017-இல் பெற்றவர். மனிதர்கள் பணத்தில் தொடர்ந்து ஒரே மாதிரித் தவறு செய்கிறார்கள், அது விலையிலும் தெரியும் என்பது அவர் வாதம். இருவரும் ஒரே வணிகப் பள்ளியின் ஆசிரியர்கள். எதிரெதிரே உட்கார்ந்து விவாதித்த காணொளி இணையத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு இருவரின் நோபல் உரையையும் படியுங்கள். நோபல் உரைகள் அனைத்தும் பரிசு நிறுவனத்தின் தளத்தில் இலவசம்.

ஆறாம் படி: நம் மொழியை அங்கே தேடுங்கள்

அறிவியல்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 1962-இல் ஒரு சனிக்கிழமை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஏ. கே. ராமானுஜன் ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிப் போனார். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் பழந்தமிழ் கற்றவர் அல்ல. கைக்கு அகப்பட்டது உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. அங்கேயே படிக்கத் தொடங்கினார். ஐந்து ஆண்டுக்குள் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து, சங்கப் பாட்டை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது. சாமிநாதையரின் பதிப்பு கடல் கடந்து ஒரு நிலவறையில் காத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி தளத்துக்குப் போங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முழுவதும் தேடக்கூடிய வடிவில் அங்கே இருக்கிறது. ஃபெப்ரீசியஸ், வின்ஸ்லோ அகராதிகளும் உண்டு. குறுந்தொகை 40-ஆம் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "பெயல்" என்ற சொல்லிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பாருங்கள். மூன்று அகராதியும் ஒரே சொல்லுக்குத் தரும் விளக்கத்தை ஒப்பிடுங்கள். அதுவும் ஆய்வுப் பயிற்சிதான்.

ஏழாம் படி: நேரில் போகிறவர்களுக்கு

சிக்காகோ நகர மையத்தின் மில்லேனியம் நிலையத்தில் மெட்ரா மின்ரயில் ஏறி 59-ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். மேற்கே நடந்தால் வளாகம். எல்லிஸ் அவென்யூவில் ஹென்றி மூர் வடித்த வெண்கலச் சிற்பம் நிற்கிறது. மண்டையோடு போலவும் தெரியும், அணுகுண்டு வெடிப்பின் புகைக்குடை போலவும் தெரியும். 1942 டிசம்பர் 2 அன்று, அங்கிருந்த பழைய விளையாட்டரங்கப் படிக்கட்டுகளின் அடியில், கிராஃபைட் கட்டிகளை 57 அடுக்காக அடுக்கி, ஃபெர்மி குழுவினர் முதல் அணுக்கருத் தொடர்வினையைக் கட்டுப்பாட்டோடு நடத்தினார்கள். கிடைத்த ஆற்றல் அரை வாட். கைவிளக்குக்கே போதாது. இரண்டு ஆண்டு எட்டு மாதம் கழித்து ஹிரோஷிமா. சிற்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

பக்கத்தில் உள்ள ரீகன்ஸ்டைன் நூலகம் அந்த அரங்கம் இருந்த மனையில்தான் எழுந்தது. நூலகத்துக்குள் போக வெளியாருக்கு விதிமுறைகள் உண்டு. சந்திரசேகரின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் அங்குள்ள சிறப்புத் தொகுப்பில் இருக்கின்றன. பார்க்க விரும்பினால் புறப்படும் முன்பே எழுதிக் கேட்டு, எந்தப் பெட்டி வேண்டும் என்று தொகுப்பின் பட்டியலைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அங்கே போய்த் தேடலாம் என்று போனால் ஒரு நாள் முழுவதும் வீணாகும்.

விமானம் ஏற முடியாதவர்களுக்கு தரமணி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் அவர் 1992-இல் மறைந்த பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கியது. அவற்றைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து, நூலகமாக்க உதவியது. அதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போகும்போது அடையாள அட்டை, பென்சில், அந்த இரண்டு பத்தித் தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று முன்பே தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். முதல் நாள் போவதற்கு ஒரு நூலைச் சொல்லச் சொன்னால், குறுந்தொகையின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறதா என்று அட்டவணையில் தேடுங்கள் என்பேன்.